கடலுக்கு முதுகைக் காட்டி ஊர் பார்த்தோம்

2024 டிசம்பர் 7, சனிக்கிழமை. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. நானும் மனைவியும் கையில் கிளாசோடு கடல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தோம். இந்த ஊருக்குக் குடிவரலாமா என்று யோசிக்கிறோம், புயல்தான் பயமாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"கடலைப் பாத்துக்கிட்டு நின்னா என்ன சார் தெரியும்? திரும்பி மேற்கால பாருங்க. இந்த ஊருக்குத் தண்ணி அங்கருந்துதான் வரும்" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் நடந்தது அதுதான். நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆனால் கடலூரின் வடக்குப் பக்கத்துக் கிராமங்களைப் பிடித்தது அந்த மழை மட்டுமல்ல. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அது கடலைச் சேருகிற இடம் கடலூருக்கு வடக்கே. முகத்துவாரத்தில் கடல் பொங்கி நிற்கும்போது ஆறு உள்ளே போக இடமில்லாமல் கரை தாண்டி ஊருக்குள் திரும்புகிறது. டீக்கடையில் நின்ற அன்றே பிற்பகல் குண்டு உப்பலவாடி பக்கம் நடந்தோம். வீட்டுச் சுவர்களில் இடுப்பளவில் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. வாசலில் பாய்களும் பள்ளிப் புத்தகங்களும் காய்ந்துகொண்டிருந்தன.

இரண்டு வருடமாக நாங்கள் கடலோர ஊர் தேடியதில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அந்த டீக்கடைக்காரர் சொன்னதுதான். அதுவரை எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கடற்கரைக்குத்தான் போவோம். அதற்கு அப்புறம் எல்லா ஊரிலும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தோம். ஆறு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் யார் நடக்கிறார்கள். கடல் எப்படியும் அங்கேதான் இருக்கப் போகிறது.

தேடல் தொடங்கியது பணத்தில். தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 58 வயதில் ஓய்வு. 2023-இல், 54 வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓய்வின்போது கைக்கு வருவதில் முப்பது லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். அதுதான் உச்ச வரம்பு. வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. (60 வயது ஆகியிருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட முடியும். என்னைப் போல 58-இல் வெளியே வருகிறவர்களுக்கு இது முக்கியம்.) பி.எஃப். பென்ஷன் என்று வருவது மாதம் ஐந்தாயிரத்தை ஒட்டி. ஆக, இருபத்தைந்தாயிரம் சொச்சம். அப்போது குரோம்பேட்டையில் நாங்கள் கொடுத்த வாடகை 19,000. சொந்த வீடு கிடையாது.

அந்தக் கணக்கை நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் மிச்சம் ஆறாயிரம்தான். வாடகை ஒன்பதாயிரத்தைத் தாண்டாத ஊராக இருக்க வேண்டும். அங்கே, கையில் இருக்கிற சேமிப்பைத் தொடாமல் வாழ வேண்டும்.

கடல் ஏன் என்று மகள் கேட்டாள். மனைவிக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். முப்பது வருடமாகச் சென்னையில் இருந்தும், மீன் வாங்கிவந்த பையைத் திறந்ததும் "இது ஐஸ்ல கெடந்த மீனுங்க" என்று சொல்லாத நாள் இல்லை. 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அவள் வழியில் இரண்டு பேர். அதற்கு அப்புறம் பல வருடம் அவள் கடற்கரைக்கே வரவில்லை. "மறுபடியும் கடல் பக்கத்துலயே இருக்கணும்" என்று அவளாகவே சொன்னபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. சொந்த ஊருக்கே போகலாமா என்று மட்டும் கேட்டேன். அது வேண்டாம் என்றாள்.

ஓய்வுக்கு முன்னாலேயே போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்ததற்கு வேறு காரணம். என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்ற மறுமாதம் குடும்பத்தோடு ஒரு சின்ன ஊருக்குப் போனார். ஒன்றரை வருடத்தில் திரும்பிவிட்டார். ஊர் நல்ல ஊர்தான். ஒரு ராத்திரி அவர் மனைவிக்கு மூச்சுத் திணறியபோது எந்த டாக்டரிடம் போவது, எந்த ஆட்டோக்காரரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "ஒரு ஊர் பழக ரெண்டு வருஷம் வேணும்பா. உடம்புல தெம்பு இருக்கும்போதே அந்த ரெண்டு வருஷத்தைக் கொடுத்துடணும்" என்றார். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

எல்லாரும் சொன்னது புதுச்சேரி. போய்ப் பார்த்தோம். கடற்கரையை ஒட்டிய பகுதியில் நம் கணக்குக்கு வீடு கிடையாது. ஊரின் மேற்கே போனால் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து கடலுக்கு வர வாரக் கடைசிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரே நாளில் முடிவு செய்துவிட்டோம்.

தூத்துக்குடியில் அப்படி இல்லை. 2023 ஆகஸ்டில் நான்கு நாள் தங்கினோம். எனக்கு இன்றும் அந்த ஊர் மேல் ஆசை உண்டு. நேரடி ரயில், பக்கத்திலேயே விமான நிலையம், ஊருக்குள்ளேயே அரசு மருத்துவக் கல்லூரி, நியாயமான வாடகை, முகம் பார்த்துப் பேசுகிற ஜனங்கள். மழை அதிகம் பெய்யாத ஊர் என்று எங்களிடம் பெருமையாகவே சொன்னார்கள். உப்பு விளைகிற ஊர் வேறு எப்படி இருக்கும்? அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி இரண்டு கரையையும் உடைத்துக்கொண்டு போனது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. நாங்கள் பார்த்துவைத்திருந்த தெருவில் பல நாள் தண்ணீர் வடியவில்லை என்று அந்த வீட்டுக்காரரே ஃபோனில் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நாங்கள் தூத்துக்குடியை விட்டதற்கு மழை காரணம் அல்ல. மகள் சென்னையில் இருக்கிறாள். 600 கிலோமீட்டர். ஒரு இரவு முழுக்கப் பயணம் செய்துதான் அவள் எங்களையும் நாங்கள் அவளையும் பார்க்க முடியும். எழுபது வயதில் அதைச் செய்வோமா என்று கேட்டுக்கொண்டோம்.

அப்புறம் தரங்கம்பாடி. இதைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை.

1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ராஜ வீதியில் காலை ஏழு மணிக்கு நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வந்து இறங்கி, தமிழில் அச்சடித்த ஊர். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருக்கிற சுவருக்கு முன்னால் மனைவி ரொம்ப நேரம் நின்றாள். அலைச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. வாடகை நாங்கள் நினைத்ததில் பாதி. அங்கேயே இருந்துவிடலாம் என்று முதல் நாள் இரவு முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இங்க லைனிங் துணி எங்க கிடைக்கும்?"

அவள் வீட்டில் ரவிக்கை தைப்பவள். குரோம்பேட்டையில் 22 வருடம். எங்கள் கணக்கில் அவள் சம்பாத்தியத்தை நான் எழுதவே இல்லை, புது ஊரில் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால். அவளோ அதைத்தான் முதலில் எழுதியிருந்தாள். மேட்சிங் நூல், ஹூக், ஃபால்ஸ், லைனிங். இது நான்கும் கிடைக்கிற கடை எந்த ஊரில் இருக்கிறதோ, அங்கே தைக்கக் கொடுக்கிற பெண்களும் இருப்பார்கள் என்பது அவள் கணக்கு. தரங்கம்பாடியில் விசாரித்தால் காரைக்கால், இல்லாவிட்டால் மயிலாடுதுறை என்றார்கள். மயிலாடுதுறை முப்பது கிலோமீட்டர். பெரிய வியாதி என்றாலும் அதே பதில்தான் வந்தது. அந்த மாவட்டம் 2020-இல் பிறந்தது, அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. துணிக்கடையும் ஆஸ்பத்திரியும் ஒரே பஸ்ஸில் இருந்தால் யோசிக்க வேண்டும் என்றாள்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். டெல்டா பக்கம் வீடு வாங்கப் போகிறவர்கள் "அடிமனை யாருது?" என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். மேலே இருக்கிற கட்டடம் மட்டும் விற்பவருடையதாக இருக்கும், மாதா மாதம் மனை வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். தலைமுறையாக அப்படி இருப்பதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. எங்களுக்கு ஒரு தரகர் அதைச் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னதால் தப்பித்தோம்.

இப்படித்தான் கடலூர். நாங்கள் அந்த ஊரை முதலில் பட்டியலிலேயே வைக்கவில்லை. வெள்ளம், புயல் என்றுதான் செய்தியில் அந்தப் பெயர் வரும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே நுழைந்து, பண்ருட்டி வரை முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-இலும் வெள்ளம். 2004 சுனாமியில் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களின் உயிர் போனது. ஆனால் நடந்து பார்த்தால், அதே காரணத்தால் இந்த ஊரில் ஒவ்வொருவரும் தண்ணீரை அறிந்தவர்கள். எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும், எத்தனை மணி நேரத்தில் வடியும் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள்.

வீடு தேடும்போது அதைத்தான் பயன்படுத்திக்கொண்டோம். தரகரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், கேஸ் சிலிண்டர் போடும் பையன் ஆகிய மூன்று பேரிடம் கேட்டோம். அவர்கள் எல்லா வாசலுக்கும் போகிறவர்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு தெருவில் மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மழைத்தண்ணீர் முழங்கால் வரை ஒரு நாள் நிற்கும், ஆற்றுத் தண்ணீர் வந்ததில்லை. அந்தத் தெருவில் மாடி வீடு பார்த்தோம். கடல் மூன்று கிலோமீட்டர். வாடகை 8,500.

அதற்கு முன்னால் கடலுக்கு முந்நூறு மீட்டரில் ஒரு வீட்டையும் பார்த்திருந்தோம். பால்கனியில் நின்றால் அலை தெரியும். ஆறு வருட வீடு என்றார்கள். எதிர்வீட்டு கேட்டைத் தொட்டதும் துரு செதிலாகக் கையோடு வந்தது. ஏ.சி. வெளி யூனிட்டின் அடிப்பகுதி அரித்துப்போயிருந்தது. படிக்கட்டின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. கூட வந்த கொத்தனார், என் மனைவிக்குத் தூரத்து உறவு. அவர் அந்த இடத்தைச் சுரண்டிக் காட்டினார். "கவர் பிளாக் சரியா வைக்கல. கம்பிக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல சிமென்ட் கனமா இருக்கணும். உப்பு உள்ள போயிடுச்சுன்னா கம்பி துருப்பிடிச்சு ஊதும், ஊதினா கான்கிரீட்டத் தள்ளிடும்" என்றார். கடலோரத்தில் வீடு பார்க்கிறவர்கள் புது பெயின்டைப் பார்க்க வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். அது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நம் வீட்டுக்குள் இருக்கிற கம்பியும்.

தண்ணீரையும் சோதித்தோம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று எப்போதும் மனைவியின் பையில் இருக்கும். கடலோர வீட்டு போர் தண்ணீரில் 1,900 காட்டியது. மஞ்சக்குப்பம் வீட்டில் 540. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பதுதான் இந்தியத் தர அளவு. 1,900 என்றால் பருப்பு வேகாது, தலைமுடி கட்டையாகும், கீசர் வருடத்துக்கு ஒன்று போகும்.

வாங்கவில்லையா என்று இன்றும் கேட்கிறார்கள். இல்லை. பதிவுச் செலவே ஒன்பது சதவீதம். முப்பது லட்சத்து வீட்டுக்கு 2,70,000. எங்கள் வாடகைக்கு அது இரண்டரை வருடக் குடித்தனம். அந்த இரண்டரை வருடத்தில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு முறையாவது வரும், கத்திரி வெயில் இரண்டு முறையாவது வரும். ஊர் தன் எல்லா முகத்தையும் காட்டிவிடும். அதற்கு அப்புறம் வாங்குவதா என்று பார்க்கலாம். கடலைப் பார்த்த மனை என்று ஒருவர் ஆசைகாட்டியபோதும், கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எங்கே விழுகிறது என்று கேட்டோம். ஊர்ப்புறமான பகுதிகளில் பல இடங்களில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அவர் அப்புறம் ஃபோன் எடுக்கவில்லை.

கடலூரிலும் விலக்க வேண்டிய பக்கம் உண்டு. முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் ரசாயன ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே வீடு மலிவுதான். நாங்கள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனை மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறது. பெரிய விஷயம் என்றால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்டி நெரிசல் நேரமாகப் பார்த்து, வீட்டு வாசலிலிருந்து ஜிப்மர் வாசல் வரை காரில் போய் நேரம் எடுத்தேன். 55 நிமிடம். அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம், ஆட்டோக்காரர் நம்பரோடு சேர்த்து.

லைனிங் துணிக்குத் திருப்பாப்புலியூர் போக வேண்டும். கெடிலம் பாலம் தாண்டினால் வந்துவிடும். இம்பீரியல் ரோட்டில் ஒரு கடையில் மனைவி பழைய ரவிக்கை ஒன்றை எடுத்து வைத்து மேட்சிங் நூல் கேட்டாள். கடைக்காரர் நிறத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கையை மேலே நீட்டி எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் "இந்த ஊர்தாங்க" என்றாள்.

2025 ஜூன் முதல் வாரத்தில் சாமான் ஏற்றினோம். மாதத்தில் ஆறு நாள் மட்டும் சென்னை அலுவலகத்துக்குப் போகிறேன், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. கம்பெனி அதற்கு ஒப்புக்கொண்டதால் சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது. வாடகையில் மிச்சமாவது அதைவிடக் கூட. பெரும்பாலும் பஸ், திரும்பும்போது நேரம் ஒத்துவந்தால் சோழன் எக்ஸ்பிரஸ்.

நாங்கள் வந்தபோது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்ன ஃபைபர் படகு மட்டும் போகும். மனைவி முதல் பத்து நாள் மீன் வாங்கவே இல்லை. தடை முடிந்த பிறகு ஒரு காலை தெருவில் கூடைக்கார அம்மா குரல் கேட்டது. இறங்கிப்போய்க் கூடையைத் திறந்து, ஒரு கவலை மீனை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு கிலோ வாங்கினாள். குழம்பு கொதிக்கும்போது அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மாலையில் தேவனாம்பட்டினம் வரை போய்வருகிறோம். போகும் வழியில் ஊர்ப் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 1690-இல் இங்கே இருந்த கோட்டையை வெள்ளைக்காரர்கள் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை அவர்களுக்குச் சொந்தம் என்று பேச்சு. அதனால்தான் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை. கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து வந்து ஏறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்று பெயர். அந்தப் பெயரை இஸ்திரிக்காரர்தான் சொன்னார். அவர் தன் பெண்ணை அந்தப் பக்கத்தில்தான் கொடுத்திருக்கிறார்.

முதல் மழைக்காலம் முடிந்துவிட்டது. இரண்டு முறை தெருவில் தண்ணீர் நின்றது, பால்காரர் சொன்ன அதே முழங்கால் அளவுக்கு. இரண்டாம் முறை, மாடியிலிருந்து கயிறு கட்டிப் பையை இறக்கினோம், அவர் அதில் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

தையல் மெதுவாகத்தான் பிடித்தது. முதல் இரண்டு மாதம் மூன்று ரவிக்கை. தீபாவளிக்குப் பதினாறு. போன வாரம் மீன்கார அம்மா கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு மாடிக்கே ஏறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் அளவு ஜாக்கெட் ஒன்று, புதுத் துணி ஐந்து. மாசி மகத்துக்கு ஊர்ச் சாமியெல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும், அன்றைக்கு வீட்டுப் பெண்கள் எல்லாரும் புதுசு போடணும் என்றார். "உங்க ஊட்டுக்காரர் சொன்னாரு, நீயும் கடக்கரை ஊர்ப் பொண்ணுதானாமே" என்று மனைவியிடம் கேட்டார். அதற்கு அப்புறம் இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், கீழே கூடையில் ஈ மொய்க்கிறதே என்று நான்தான் ஒரு ஈரத்துணியைக் கொண்டுபோய் மூடினேன்.

ஐந்து ரவிக்கைக்கும் லைனிங் வேண்டும். நாளைக் காலை இம்பீரியல் ரோடு போகிறோம்.